மந்தை யாருடையது?



 

இந்த மாதச் செய்திக்கு எரேமியா 32-ம் அதிகாரத்தையும் ரூத் 4-ம் அதிகாரத்தையும் எடுத்திருக்கிறேன். வேதபுத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வசனங்களை நான் இங்கே அச்சடித்துத் தரப்போவதில்லை. நீங்களே பக்கம் புரட்டித் தேடினால்தான் அது உங்களுக்குள் தங்கும்.

ஆனால் செய்தி தொடங்குவது கால்பந்தில்! மூத்த விசுவாசிகள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். "சபைப் பத்திரிகையில புட்பாலா, பாஸ்டர்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் சிலம்பத்தையும் உதாரணமாகச் சொன்னாரே, அவரையும் இப்படித்தான் கேட்டிருப்பார்களோ என்னவோ! கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். விஷயம் பந்தைப் பற்றியது மட்டும் அல்ல.

2025 ஆகஸ்ட் மாதம். வாலிபர் கூடுகையில் ஜெபக்குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கு வேலை, ஒருத்திக்கு நர்சிங் படிப்புக்கு இடம், இன்னொருவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் கால் புண். கடைசியில் ஒரு தம்பி தயங்கித் தயங்கி எழுந்தான். "அய்யா, சென்னையின் எஃப்.சி.யை நிறுத்தி வச்சிட்டாங்க. இனிமே டீம் இருக்குமா இருக்காதான்னே தெரியல. இதுக்கு ஜெபம் பண்ணலாமா?" என்றான். கூட்டத்தில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி கூலி வேலைக்குப் போகிறவன். ஆட்டம் பார்ப்பதற்காக நாகையில் இரவு ரயிலேறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டக் கத்திவிட்டு, மறுநாள் வேலைக்கு வந்து நிற்பவன். அவன் முகத்தில் நான் கண்டது விளையாட்டு அல்ல, துக்கம்.

நடந்தது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். இந்தியன் சூப்பர் லீக் என்ற கால்பந்துப் போட்டி 2014-ல் ஆரம்பமானது. அதை நடத்தும் உரிமை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்திடமிருந்து ஒரு கம்பெனிக்கு 2010-ல் 15 வருட ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிகிறது. அதற்குப் பிறகு யார் நடத்துவது, யார் பணம் போடுவது, யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிக்கவில்லை. சம்மேளனத்தின் சட்டதிட்டங்கள் பற்றிய வழக்கோ உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. அதனால் 2025 ஜூலையில், இந்த வருஷப் போட்டியை நிறுத்தி வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் சென்னையின் கிளப் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. பெங்களூர் கிளப் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 19-ல் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ம் தேதி பெட்டியைத் திறந்தால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை! டிசம்பர் 8-ம் தேதியும் வந்து போயிற்று.

இந்தச் சங்கதி முழுவதிலும் ரசிகன் எங்கே இருந்தான்? ஒரு இடத்திலும் இல்லை. ஒப்பந்தத்தில் அவன் பெயர் இல்லை. வழக்கில் அவன் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. டெண்டர் பெட்டியில் போட அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நேசித்தவன் அவன்தான். 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் அரையிறுதியைப் பூனாவுக்கு மாற்றினார்களே, நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிக்கொண்டே அந்த ஜனங்கள் ஸ்கோர் கேட்டார்கள். டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் இறுதியாட்டம். முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கோவா 2-1 என்று முன்னால் நின்றது. முடிந்தபோது 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அந்த இரண்டு கோலையும் தம்பி எனக்கு நேற்று நடந்தது போல விவரித்தான். சாட்சி சொல்லும் நேரத்தில் இத்தனை ஆர்வம் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அது இருக்கட்டும்.

நேசிக்கிறவன் ஒருவன், உடையவன் வேறொருவன். நம்முடைய பக்கத்து ஜனங்களுக்கு இது புது சங்கதியா? கீழ்வேளூர்ப் பக்கமும் திருக்குவளைப் பக்கமும் குத்தகைக்கு உழுகிறவர்களைக் கேளுங்கள். மூன்று தலைமுறையாக அதே வயலில் சேற்றை மிதித்திருப்பார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பில் நண்டு துளை போடும் என்று கைரேகை போலத் தெரியும். பத்திரமோ வேறொருவர் பேரில். நிலம் கை மாறப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர்களுக்காவது 1955-ல் வந்த சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிற தம்பிமாருக்கு அதுவும் கிடையாது. ஓனர் கடன் கட்டவில்லை என்று பைனான்ஸ்காரர் வந்து படகைப் பிடித்துவிட்டால், தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ம் தேதி எல்லாப் படகும் கடலுக்குப் போகும்போது இவர்கள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பாபநாசம் பக்கத்தில் திருமண்டங்குடி சர்க்கரை ஆலையின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். உறவுக்காரர்கள் அங்கே கரும்பு போட்டிருப்பார்கள். ஆலை கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போய், பிறகு வேறு ஒரு கம்பெனியின் கைக்கு மாறிற்று. வெட்டிக் கொடுத்த கரும்புக்குப் பாக்கி நிற்கிறது, எங்கள் பெயரில் வங்கியில் கடன் வாங்கிவிட்டார்கள் என்று விவசாயிகள் 2022 நவம்பர் 30-ம் தேதி முதல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்காக அந்தப் பந்தல் நின்றது. ஆலைக்குப் புது எஜமான் வந்துவிட்டார். பழைய பாக்கியை யார் தருவது? இதுதான் அவர்கள் கேள்வி. ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஸ்தாபனம் விழுந்தாலும் பெரிய கடன்காரனுக்குக் கமிட்டியில் நாற்காலி இருக்கும். வியர்வை சிந்தினவன் வாசலுக்கு வெளியே நிற்பான்.

கால்பந்தின் தாய்வீடாகிய இங்கிலாந்து தேசத்தில் இந்த வேதனை இன்னும் கூர்மையானது. அங்கே ஒரு கிளப் கடன் கட்ட முடியாமல் போனால், ஓனரின் கையிலிருந்து சாவியை வாங்கி, சட்டப்படி நியமிக்கப்பட்ட ஒரு நிர்வாகியின் கையில் கொடுப்பார்கள். அவர் கணக்குப் பார்ப்பார், ஆட்களைக் குறைப்பார், விற்பதற்கு ஆள் தேடுவார். கிளப் அந்த நிலைக்கு வந்துவிட்டதே என்று லீக்கும் சும்மா இராது. 12 புள்ளிகளைக் கழித்துவிடும். தப்புச் செய்தது ஓனர், தண்டனை அனுபவிப்பது மைதானத்தில் ஓடுகிறவனும் அவனுக்காகக் கத்துகிறவனும். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ராஜாக்கள் செய்த அக்கிரமத்துக்காக ஜனங்கள் பாபிலோனுக்கு நடந்த கதைதானே இது?

பரி என்று ஒரு ஊர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில். 1885-ல் தொடங்கின கிளப். 2018 டிசம்பரில் அதை ஒருவர் ஒரே ஒரு பவுனுக்கு வாங்கினார். ஒரு பவுன் என்றால் நம்முடைய ஒரு சாப்பாட்டுக் காசு! கடனை எல்லாம் சேர்த்து வாங்கினதால் அந்த விலை. அடுத்த ஆகஸ்டில் கணக்கும் சரியில்லை, பணமும் இல்லை, லீக் ஒரு கடைசித் தேதி குறித்துவிட்டது. கிளப்பின் பழைய டைரக்டராயிருந்த ஒரு அம்மாள் மைதான வாசலில் தன்னைச் சங்கிலியால் குழாயோடு கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பொழுது ஒரு கம்பெனி வாங்க முன்வந்திருக்கிறது என்று ஒரு நல்ல செய்தி வந்தது. அந்த 27-ம் தேதி, அடுத்த ஆட்டத்துக்கு மைதானம் தயாராக வேண்டுமே என்று ரசிகர்கள் துடைப்பமும் வாளியும் கையுறையுமாக வந்து சேர்ந்தார்கள். பெரியவர்கள், பிள்ளைகள், பெண்கள். நாற்காலிகளைத் துடைத்தார்கள், புல் பிடுங்கினார்கள். ஒருவர் கையிலும் பங்குப் பத்திரம் இல்லை. கூலியும் இல்லை. துடைத்துக்கொண்டிருந்த அதே நாளில், கணக்குப் புத்தகத்தைப் பார்த்த அந்தக் கம்பெனி, நமக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டது. இரவில் கிளப்பை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். 134 வருஷம்!

இப்பொழுது ரூத் 4-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். பட்டணத்து வாசலில் போவாஸ் உட்கார்ந்திருக்கிறான். மூப்பர் பத்துப் பேரைச் சாட்சிக்கு உட்கார வைத்திருக்கிறான். எலிமெலேக்கின் வயல் விற்பனைக்கு வந்திருக்கிறது. மீட்கும் முதல் உரிமை போவாசுக்கு அல்ல, அவனைவிட நெருங்கின இனத்தானுக்கு. அவனைக் கூப்பிட்டு, வாங்கிக்கொள்ளுகிறாயா என்று கேட்டால், உடனே சரி என்கிறான். நல்ல வயல், நல்ல விலை, ஏன் வேண்டாம் என்பான்? பிறகு போவாஸ் மெதுவாய் இன்னொன்றைச் சொல்லுகிறான். வயலோடு ரூத்தும் வருகிறாள், மரித்தவனின் பேரை நிலைநிறுத்தும் கடமையும் வருகிறது என்று. அவ்வளவுதான்! என் சொந்தச் சுதந்தரத்துக்கு நஷ்டம் வந்துவிடுமே என்று பின்வாங்கிப் பாதரட்சையைக் கழற்றிப் போட்டுவிட்டான். வயல் வேண்டும், விதவை வேண்டாம். சொத்து வேண்டும், சுமை வேண்டாம். அந்த மனுஷனுடைய பெயரை வேதம் எழுதி வைக்கவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? யார் பேரையோ எழுதிய புத்தகம், இவன் பேரை மட்டும் விட்டுவிட்டது.

வாங்க வருகிறவன் எதை வாங்க வருகிறான் என்பதை இந்த அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. போவாஸ் வயலைப் பார்த்து வரவில்லை. வயலில் கதிர் பொறுக்கினவளைப் பார்த்து வந்தான்.

அப்படி ஒரு மனுஷன் கால்பந்திலும் இருந்தாரா என்று கேட்டால், இருந்தார். இங்கிலாந்தில் டெர்பி என்ற பட்டணம். 1888-ல் முதல் முதலாய் லீக் ஆரம்பித்தபோது அதில் இருந்த 12 கிளப்புகளில் டெர்பி கவுண்டியும் ஒன்று. அது 2021 செப்டம்பரில் நிர்வாகியின் கைக்குப் போயிற்று. அதற்காக 12 புள்ளி போயிற்று, கணக்குத் தப்பிதத்துக்காக இன்னொரு 9 புள்ளி போயிற்று. ஆக 21. ஒன்பது மாதத்துக்கு மேல் வாரத்துக்கு ஒரு வதந்தி. இவர் வாங்குகிறார், அவர் வாங்குகிறார், பேச்சு முடிந்தது, பேச்சு முறிந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். அவர்தான் என்று நிர்வாகிகளே அறிவித்தார்கள். குறித்த தேதி வந்தது, பணம் வரவில்லை. அதற்குள் அணி கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. அப்புறம்தான் டேவிட் குளோவ்ஸ் என்ற உள்ளூர்க்காரர் வந்தார். கட்டடத் தொழில் செய்கிறவர், சிறுவயதிலிருந்து அந்தக் கிளப்பின் ரசிகர். முதலில் மைதானத்தை வாங்கினார். கிளப் மூச்சு விடுவதற்குக் கடன் கொடுத்தார். 2022 ஜூலை 1-ம் தேதி கிளப்பையே வாங்கினார். அணி மேல்தட்டில் இருந்தபோது அல்ல, விழுந்து கிடந்தபோது! இரண்டு வருஷத்தில், 2024-ல், அணி ஒரு படி ஏறி வந்தது.

இதை வாசித்தபோதுதான் எரேமியா 32 என் நினைவுக்கு வந்தது. சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியாவோ காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். பட்டணம் விழும் என்று சொன்னதற்காகவே அடைத்தார்கள். அந்த நேரத்தில் அவனுடைய பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வருகிறான். ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உன்னுடையது என்கிறான். யோசித்துப் பாருங்கள்! ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர்தான். அந்தப் பக்கமெல்லாம் சத்துருவின் சேனை நிற்கிறது. நிலம் நாளைக்கு யார் கையில் இருக்குமோ தெரியாது. வாங்குகிறவனோ ஜெயிலில். நம்ம ஊர் புரோக்கர் யாராவது இப்படி ஒரு மனையைக் காட்டினால் "என்னண்ணே, ஆளப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று கேட்டிருப்போம். ஆனால் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். சாட்சிகளைக் கூப்பிட்டான். பத்திரம் எழுதினான். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்திருக்கும் பிரதி ஒன்று. இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, வெகுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பது கர்த்தருடைய வார்த்தை. அதை அவன் பிரசங்கம் மட்டும் பண்ணவில்லை. காசை எண்ணி வைத்தான்.

விசுவாசம் என்றால் சத்தமாய் அல்லேலூயா சொல்லுவது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். எரேமியாவின் விசுவாசம் பத்திர ஆபீசில் நடந்தது!

போர்ட்ஸ்மவுத் என்ற துறைமுகப் பட்டணத்து ஜனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் நாகையைப் போலக் கடலை நம்பி நிற்கும் ஊர். 2008-ல் கோப்பை வாங்கின கிளப், 2010 பிப்ரவரியில் நிர்வாகியின் கைக்குப் போயிற்று. கோடிக்கணக்கில் கடன். அதில் யார் யாருக்குப் பாக்கி என்ற பட்டியலை வாசித்தால் நெஞ்சு வலிக்கும். மைதானத்தில் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்களுக்குக்கூடப் பாக்கி! அங்கே விதி எப்படியென்றால், ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் முழுப்பணம் முதலில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் இடம் இல்லை. மீதமுள்ளவர்களுக்கு, அதாவது சாப்பாடு சப்ளை செய்தவன், அச்சடித்துக் கொடுத்தவன், வரி வாங்கும் அரசாங்கம் எல்லாருக்கும், பவுனுக்கு இத்தனை பைசா என்று அந்த நாட்களில் கிள்ளிக் கொடுத்தார்கள். கூலிக்காரன் கூலியை அந்தியாகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தையும், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினதையும் அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் வாசித்திருப்பார்களா, தெரியவில்லை.

இரண்டு வருஷத்தில், 2012-ல், மறுபடியும் அதே கிளப் அதே குழியில் விழுந்தது. இந்த முறை ரசிகர்கள் பணக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. தலைக்கு ஆயிரம் பவுன் என்று பங்கு போட்டார்கள். ஆயிரம் பவுன் அங்கேயும் சின்னத் தொகை அல்ல. தனியாய் முடியாதவர்கள் நாலு பேர் கூடி ஒரு பங்கு எடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 2013 ஏப்ரலில் தங்கள் கிளப்பைத் தாங்களே வாங்கினார்கள். சுனாமிக்குப் பிறகு நம்முடைய கரையில் குழுவுக்கு ஒரு படகு என்று கொடுத்தார்களே, அதன் அருமையும் அதில் வந்த சண்டையும் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று விளங்கும். நான்கு வருஷம் நடத்தினார்கள். கடனை அடைத்தார்கள். பிறகு மேலே ஏறப் பெரிய முதல் வேண்டும் என்று அவர்களே ஓட்டுப் போட்டு, 2017-ல் ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரருக்கு விற்றார்கள். விற்றது சரியா, தப்பா? எனக்கென்னவோ வருத்தம்தான். ஆனால் விற்கும் உரிமை அன்றைக்கு அவர்களிடம் இருந்தது. கேட்காமல் விற்கப்படவில்லை. அது ஒரு பெரிய வித்தியாசம்.

இந்த அனுபவங்களினால் இங்கிலாந்தில் 2025 ஜூலையில் ஒரு சட்டமே வந்தது. கிளப்பை வாங்குகிறவன் தகுதியானவனா என்று சோதிக்க ஒரு தனி அமைப்பு. ரசிகர்களைக் கலந்து பேசாமல் கிளப்பின் சின்னத்தையும் நிறத்தையும் மாற்றக்கூடாது. நம்முடைய தேசத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஹைதராபாத் கிளப் 2025-ல் பெயர் மாறி டெல்லிக்கே போய்விட்டது. 2021-22-ல் கோப்பை வாங்கின கிளப்! அந்த ஊர்ப் பிள்ளைகள் அலமாரியில் மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டு யாருக்காகக் கத்துவார்கள்?

நம் தம்பியின் கதைக்கு முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2026 ஜனவரியில் மத்திய அமைச்சர் தலையிட்டு, 14 கிளப்புகளும் ஆடும் என்று அறிவித்தார். பிப்ரவரி 14-ம் தேதி போட்டி ஆரம்பித்தது. ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரே ஒரு முறைதான் மோதும் என்று சுருக்கிவிட்டார்கள். சுருங்கினாலும் பந்து உருண்டது. அவனும் நன்றிப் பலி செலுத்தினான், நானும் ஆமென் சொன்னேன்.

வாலிபருக்கு இதிலே ஒரு எச்சரிப்பும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஒரு கிளப்பை நேசிப்பது பாவம் என்று நான் பிரசங்கிப்பதில்லை. ஆனால் ஜெயித்தால் அரசமரம் ஏறுவதும், தோற்றால் வீட்டில் தட்டை வீசுவதும், ஞாயிறு ஆராதனையை விட்டு ஆட்டத்துக்கு ஓடுவதும் நேசம் அல்ல, அது விக்கிரகம். மற்றபடி, துடைப்பத்தோடு வந்த அந்தப் பரி ஊர் ஜனங்களைப் பார்த்தபோது, நம்முடைய ஆலயத்தைப் பெருக்க சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர். அதிலும் நாலு பேர் அறுபது வயதைத் தாண்டின அம்மாமார்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஓனர்களைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஊழியக்காரர்களாகிய நாங்கள் எப்படி?

நாகையில் மட்டும் அல்ல, எங்கும் நடப்பதைத்தான் சொல்லுகிறேன். ஜெப வீடாக ஓலைக்கொட்டகையில் ஒரு சபை ஆரம்பிக்கிறது. விசுவாசிகள் நூறு, இருநூறு, காதில் கிடந்த தோடு என்று கொடுத்து மனை வாங்குகிறார்கள். அவசரத்தில் பத்திரம் பாஸ்டர் பேரில் பதிவாகிறது. அவர் நல்லவர், பக்தியுள்ளவர், யாரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து அவர் கர்த்தருக்குள் நித்திரையடைகிறார். அப்பொழுது மூத்த மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், கோர்ட்டில் வழக்கு, ஆலய வாசலில் இரண்டு பூட்டு. நான் அறிந்த ஒரு சபையில் ஒன்றரை வருஷம் விசுவாசிகள் ரோட்டோரத்தில் சாக்கு விரித்து ஆராதித்தார்கள். மழை பெய்தால் பக்கத்து டீக்கடைத் தாழ்வாரம். தோடு கொடுத்த அந்த அம்மாள் பூட்டின கதவுக்கு வெளியே நின்று அழுததை நான் கண்ணால் கண்டேன். வழக்கில் அவர்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

யோவான் 10-ல் ஆண்டவர் கூலியாளைப் பற்றிச் சொன்னார். ஓநாய் வந்தால் ஓடிப்போவான், ஆடுகள் அவனுடையவைகள் அல்லவே. நாம் அதை அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் எசேக்கியேல் 34-ல் இன்னொரு வகையான மேய்ப்பன் வருகிறான். அவன் ஓடிப்போவதில்லை. உட்கார்ந்து ஆட்டைத் தின்கிறான், ரோமத்தை உடுத்துகிறான், மந்தை தன்னுடையது என்றே நினைத்துக்கொள்ளுகிறான். கூலியாளைவிட இவன் ஆபத்து. இரத்தம் சிந்தி மந்தையைக் கிரயத்துக்கு வாங்கினவர் ஒருவர் இருக்கும்போது, நாங்கள் உக்கிராணக்காரர் மாத்திரம். சாவி எங்கள் இடுப்பில் தொங்கினாலும் வீடு எங்களுடையது அல்ல.

"பாஸ்டர்கிட்ட கணக்குக் கேக்குறது அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடுற மாதிரி ஆகாதா, அய்யா?" என்று ஒரு மூத்த சகோதரர் என்னிடம் பயத்தோடு கேட்டார். இல்லை, அண்ணே. எரேமியா தீர்க்கதரிசி. அவனே சாட்சிகளுக்கு முன்பாகத்தான் வெள்ளியை நிறுத்தான். முத்திரை போட்ட பிரதி பத்திரத்துக்கு. திறந்த பிரதி எதற்கு? யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்றுதானே?

ஆகையால் வழக்கம்போல இவ்வருஷமும், மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தவுடன், சபை மனையின் கிரயப் பத்திர நகலும், ட்ரஸ்ட் பத்திர நகலும், ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கும் இடது பக்கத்து மேஜையில் விரித்து வைக்கப்படும். மூக்குக்கண்ணாடி மறந்து வருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்ல வாலிபர் இருவர் நிற்பார்கள்; அதில் ஒருவன் நீலச் சட்டையில் வருவான், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தசமபாகம் கொடுக்கிறவர்கள் மட்டும் அல்ல, காணிக்கைப் பையில் ஐந்து ரூபாய் போடுகிறவர்களும் வந்து பார்க்கலாம். கேள்வி இருந்தால் காகிதத்தில் எழுதி, பெயர் போடாமலும் பெட்டியில் போடலாம். எல்லாக் கேள்விக்கும் அடுத்த வாரம் மேடையிலிருந்தே பதில் சொல்லப்படும்.

புதன்கிழமை உபவாச ஜெபத்தில் திருமண்டங்குடி விவசாயக் குடும்பங்களுக்காகவும், கடனில் படகு பிடிபட்ட நம்முடைய சபைக் குடும்பம் ஒன்றுக்காகவும், நாட்டில் எங்கேயெல்லாம் விளையாட்டுக் கிளப்புகளில் சம்பளம் வராமல் புல் வெட்டுகிறவர்களும் சட்டை துவைக்கிறவர்களும் காத்திருக்கிறார்களோ அவர்களுக்காகவும் ஜெபிப்போம். காலை 10 மணிக்கு ஆரம்பம். கஞ்சி மூன்று மணிக்கு.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பாஸ்டர்